ஈட்டி மரத்துக்கும் பண்பாட்டுக் கொள்கையில் இடம் வேண்டும்



மைசூரு அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்தில், பிள்ளையார் சன்னதிக்குத் திறக்கும் கதவை அருகில் நின்று பாருங்கள். கரும்பழுப்பான ஈட்டிப் பலகையைக் குடைந்து யானைத் தந்தத்தைப் பதித்திருப்பார்கள். அந்த மரப்பதிப்புக் கலையின் வாரிசுகள் இன்று தந்தத்தைத் தொடுவதில்லை. தந்த வாணிகத்தைச் சட்டம் தடுத்தபின் வெண்மைக்குப் பிளாஸ்டிக் வந்தது. பலாவின் மஞ்சளும் மற்ற மரங்களின் இயல்பு நிறங்களுமே சாயமில்லாமல் சித்திரமாயின. தொழில் சாகவில்லை, புவிசார் குறியீடும் பெற்றது. இப்போது ஆபத்து மரத்துக்கே வந்திருக்கிறது. கன்னடத்தில் பீட்டெ, நமக்கு ஈட்டி. வேலைக்கு ஆகும் அளவுக்கு அது வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய மரங்களில் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. 2017 முதல் அதன் பன்னாட்டு வாணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கைவினைஞருக்குச் சால்வை போர்த்துவது ஒரு துறை, மரத்தைக் காப்பது வேறொரு துறை. நாளைய பலகைக்கு இன்று கன்று நடுவது யார் பொறுப்பு?

காட்டைக் காப்பது வனத்துறையின் வேலை, பண்பாட்டுக் கொள்கையில் மரம் எதற்கு என்று கேட்பார்கள். சந்தனம் அதற்குப் பதில் சொல்கிறது. 1792ல் திப்பு சுல்தான் அதை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார்; அந்த ஏகபோகம் பின்வந்த அரசுகளிலும் தொடர்ந்தது. தன் நிலத்தில் முளைத்தாலும் தனக்கு உரிமையில்லாத மரத்தை விவசாயி ஏன் வளர்ப்பார்? 2001ல் கர்நாடக அரசு சட்டத்தைத் திருத்தி உரிமையை நிலத்துக்காரருக்குக் கொடுத்தது. அதற்குள் சந்தனக் காடுகள் மெலிந்துவிட்டன. மரத்தை நம்பிப் பிழைப்பவருக்குப் பங்கில்லாத காவல் மரத்தையும் காக்காது, தொழிலையும் காக்காது. ஈட்டியிலும் அதே தவறு நடக்கக் கூடாது.

விழாப் பணத்தில் மரம் வளர்த்து மரபை மாற்றலாமா என்ற தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் தசராவே மாறித்தான் நிலைத்தது. ஜம்பூ சவாரி ஊர்வலத்தில் யானை அம்பாரியில் மன்னர் அமர்ந்த இடத்தில் இன்று சாமுண்டேஸ்வரி அமர்கிறாள். அரசு நடத்தும் நாடஹப்பாவாக, அதாவது மாநிலத் திருவிழாவாக, அது நம் எல்லோருடைய விழாவாயிற்று. விளக்கும் ஊர்வலமும் குறைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவற்றை நம்பிப் பூக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, கலையின் மூலப்பொருளுக்கும் போகவேண்டும் என்கிறோம்.

பரகூரு ராமச்சந்திரப்பா குழு 2014ல் அறிக்கை தந்து, மாநிலத்துக்கென ஒரு பண்பாட்டுக் கொள்கைக்கு வழி திறந்தது. அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்தும்போது, எந்தக் கலைக்கு மானியம் கொடுத்தாலும் அதன் மரமும் மண்ணும் எங்கிருந்து வருகின்றன, அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுமா என்ற கணக்கைக் கட்டாயமாக்க வேண்டும். மரப்பதிப்புக் கைவினைஞர்களுக்கு அறுவடையில் உரிமையுள்ள ஈட்டித் தோப்புகளை வனத்துறையும் கன்னடம் மற்றும் பண்பாட்டுத் துறையும் சேர்ந்து வளர்க்க வேண்டும். கன்னடமோ தமிழோ உருதுவோ, எந்த மொழி பேசுபவராயினும் உங்கள் மாநகராட்சியிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இந்தத் தசராவுக்கு முன்பே இதைக் கேளுங்கள்.