ஏழு மில்லிமீட்டருக்குள் அடங்காத கேள்வி

கருத்தரிப்புச் சிகிச்சை பெறும் பெண்களின் பேச்சில் ஏழு என்ற எண் வேரூன்றிவிட்டது. கருப்பை உட்சுவரின் தடிமன் ஏழு மில்லிமீட்டரைத் தொடாவிட்டால் அந்த மாதக் கருமாற்றம் பெரும்பாலும் தள்ளிவைக்கப்படுகிறது. உட்கொண்ட மாத்திரைகளும் கட்டிய தொகையும் வீணாகி, 'விதை நன்றாகத்தான் இருக்கிறது, நிலம்தான் சரியில்லை' என்ற சொல் மட்டும் வீடுவரை வந்துசேர்கிறது. கருமுட்டையின் வயதுக்கும் விந்தணுவின் தரத்துக்கும் அந்த உவமையில் இடமில்லை.

இந்த எண் ஆதாரமற்றதன்று. 22 ஆய்வுகளில் இடம்பெற்ற 10,724 பேரின் தரவைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மீளாய்வில், ஏழு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ தடிமன் கொண்டோரில் 23.3 விழுக்காட்டினரும், அதற்கு மேல் உள்ளோரில் 48.1 விழுக்காட்டினரும் கருவுற்றனர். வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது இந்தப் பாதிதான். மறுபாதியையும் படிக்க வேண்டும். அத்தகைய மெல்லிய சுவர் 2.4 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. கருவுறுவோரையும் கருவுறாதோரையும் முன்கூட்டியே பிரித்தறிவதில் தடிமனின் திறன் 0.56 மட்டுமே, நாணயத்தைச் சுண்டினாலே 0.5 கிடைத்துவிடும்.

கனடாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருமாற்றங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. உறைநிலைக் கருக்களை மாற்றியபோது, ஏழு முதல் எட்டு மில்லிமீட்டருக்குள் தடிமன் இருந்தால் குழந்தைப் பிறப்பு 27.4 விழுக்காடு, ஆறு முதல் ஏழுக்குள் 23.7, ஐந்து முதல் ஆறுக்குள் 15. வாய்ப்பு சரிகிறது, உண்மை. ஆனால் ஏழில் செங்குத்துப் பள்ளம் ஏதுமில்லை. ஒரே கருப்பையை இருவர் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டர் வரை வேறுபடக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 6.8 என்ற அளவைக் கொண்டு ஒரு சுழற்சியையே ரத்துசெய்வது எவ்வளவு துணிச்சலான முடிவு! இன்னொன்றும் உண்டு: ரத்துசெய்யப்பட்டோர் கருமாற்றக் கணக்கிலேயே வருவதில்லை. அவர்களுக்கு வாய்ப்பு எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்ல எந்தத் தரவும் மிஞ்சுவதில்லை.

தடிமன் எவ்வளவு என்பதைவிட, ஏன் குறைந்தது என்பதே இந்தியாவில் முதன்மைபெற வேண்டிய வினா. இனப்பெருக்க உறுப்புக் காசநோய் இங்கே அரிதன்று. இருமலோ காய்ச்சலோ இன்றி ஓசையில்லாமல் உட்சுவரைச் சிதைத்து, ஒட்டுத்தழும்புகளை விட்டுச்செல்கிறது. கருக்கலைப்புக்குப் பிந்தைய சுரண்டலும் அதே தழும்பை உண்டாக்கலாம். கருமுட்டை வளர்ச்சிக்காகத் தரப்படும் குளோமிஃபீன் மாத்திரையே சிலரிடம் சுவரை மெலியச்செய்கிறது. முதலிரண்டுக்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி வேண்டியிருக்கலாம். மூன்றாவதற்கு மருந்தை மாற்றுவதே போதுமானதாகலாம். காரணத்தைத் தேடாமல் ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு. தழும்பேறிய இடத்தில் வளர்வதற்குத் திசு எங்கே இருக்கிறது?

இந்த வெற்றிடத்தில்தான் கூடுதல் சிகிச்சைகள் நுழைகின்றன. தட்டணு செறிந்த பிளாஸ்மா, சில்டெனாஃபில், ஜி-சிஎஸ்எஃப் ஊசி: இவை குழந்தைப் பிறப்பைக் கூட்டுகின்றன என்பதற்கான சான்று வலுவற்றது. உட்சுவரைக் கீறிவிடும் முறையும் ஒருகாலத்தில் நம்பிக்கையோடு பரவியது. 1,364 பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட சோதனையில் கீறியோருக்கும் கீறாதோருக்கும் கிடைத்த பலன் ஒன்றே: 26.1 விழுக்காடு.

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் மருத்துவமனைகளைப் பதிவுசெய்யச் சொல்கிறது. வயது வரம்பு விதிக்கிறது. பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையம் கூடுதல் சிகிச்சைகளைச் சான்றின் வலுவுக்கேற்ப நிறக்குறியிட்டுப் பொதுமக்கள் முன் வைக்கிறது. அப்படியொரு பட்டியல் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் சிகிச்சை அறையின் சுவரிலேயே தொங்க வேண்டும். ரத்துசெய்யப்பட்ட ஒவ்வொரு சுழற்சியும், அதற்கான அளவும் காரணமும், தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும்.