யாருடைய கைவினை?

மேலைநாட்டுச் சந்தைகளிலே ‘சூனியக்காரி அணிகலன்’ என்றொரு சரக்கு இன்று விலைபோகின்றது. மரவேர், பறவையிறகு, வெள்ளிக்கம்பி ஆகியவற்றோடு சந்திரகாந்தக்கல்லைப் பிணைத்து, நிலவின் ஆற்றல் அதனுள் உறைகின்றது எனக் கூறி விற்கின்றனர். அக்கல்லின் நீலவொளி நிலவின் கொடையன்று. இருவகைப் பெல்சுபார்க் கனிமங்கள் மெல்லிய படைகளாக மாறிமாறி அமைந்திருத்தலால் ஒளி சிதறுகின்றது, அவ்வளவே.

ஒடுக்கப்பட்ட பெண்களை நினைவுகூரும் கலை இது என்பர் சிலர். அமெரிக்காவின் மசாச்சூசெட்சிலுள்ள சேலத்திலே, 1692இல் சூனியக் குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப்பட்ட 19 பேருள் 14 பேர் பெண்கள். அவர்களைக் கொன்றது மந்திரமன்று. மந்திரம் உண்டென்ற நம்பிக்கையே. அந்நம்பிக்கைக்கே மெருகூட்டி விற்றல் அவர்களுக்குச் செய்யும் அஞ்சலியாகுமா?

‘கையாற் செய்தது’ என்னும் பெருமையையும் வினவுதல் வேண்டும். சந்திரகாந்தத்துக்குப் பெயர்பெற்ற நமது காலி மாவட்டத்து மீட்டியாகொடையிலே, நீரூறும் குழிகளுள் இறங்கி அதனை அகழ்பவனும் கையாலேயே உழைக்கின்றான். கம்பியை வளைத்த கை போற்றப்படுகின்றது. கல்லை அகழ்ந்த கை மறைக்கப்படுகின்றது. கல்லிலே ஆற்றலொன்று உண்டெனின் அஃது அவ்வுழைப்பே. கல்லின் மந்திரத்தை விரித்துரைக்கும் விலைச்சீட்டிலே, அதனை அகழ்ந்தவன் பெற்ற கூலியையும் எழுதட்டும்!