விடையும் வினாவும்

வெட்கமும் வியப்பும் உலகமெங்கும் ஒரே விதமாகத்தான் முகத்தில் தோன்றுகின்றனவா? 1867-ஆம் வருஷத்தில் டார்வின் இத்தகைய வினாக்களைப் பல தேசங்களுக்கும் அனுப்பினார். வந்த விடைகள் 36. கல்கத்தாத் தாவரத் தோட்டத்திலிருந்தும் ஒன்று சென்றது. அதை எழுதியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் கவனித்ததோ தோட்டத்தில் வேலை செய்த நம்மவரை!

அந்த வித்து மரமாக வளர்ந்தது அமெரிக்காவில். வேட்டையாடித் திரிந்த முன்னோரின் தேவைகளே நம் மனத்தின் அமைப்பை வகுத்தன என்பது பரிணாம மனோதத்துவத்தின் கொள்கை. 1989-ல் டேவிட் பஸ் என்னும் அறிஞர், 33 நாடுகளில் 10,047 பேரிடம் வாழ்க்கைத் துணையைப் பற்றி விசாரித்ததன் முடிவை வெளியிட்டார். பெண்கள் ஆண்களைவிடப் பொருளீட்டும் திறனை அதிகம் மதிப்பது அநேகமாக எங்கும் காணப்பட்டது. மணத்துக்கு முன் கற்பு என்ற விஷயத்திலோ, இந்தியாவுக்கும் ஸ்வீடனுக்கும் வெகு தூரம்! ஆகவே இயற்கையை மட்டும் அறிந்தால் போதாது. வழக்கத்தையும் அறிய வேண்டும்.

ஆனால் யாரைப் பார்த்து அறிவது? 2010-ல் கனடாவிலிருந்து ஹென்ரிக் முதலிய மூவர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். முன்னணி மனோதத்துவச் சஞ்சிகைகள் சிலவற்றில் ஆராயப்பட்டோரில் 96 சதவிகிதத்தினர், உலக ஜனத்தொகையில் 12 சதவிகிதமே கொண்ட மேல்நாட்டுச் சமூகங்களைச் சேர்ந்தவர்களாம். ஒரு தெருவைப் பார்த்துவிட்டு ஊரையே வர்ணிப்பது தகுமா?

எண்ணிக்கையில் நம்மவரைச் சேர்த்துக்கொள்வதோடு குறை தீர்ந்துவிடாது. பிறர் வினவ, விடை சொல்லி வந்தோம். இனி வினவுகிறவர்களும் நம் வீடுகளிலிருந்தே புறப்பட வேண்டும். மனித இயல்பு எல்லோருக்கும் பொது என்றால், அதை ஆராயும் உரிமையும் பொதுவே அல்லவா?