புல்லுக்கும் பட்டம் உண்டு

இலக்கியம் பேசும் இடத்தில் புல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்த நமக்குப் பட்டம் என்றாலே மழைதான். சியாட்டில் பக்கம் குடியேறிய பின்னும் அந்நினைப்பு அகலவில்லை. மழை அருகிய கோடையில் காய்ந்து, திட்டுத்திட்டாய்ச் சொட்டை விழுந்த புல்தரையின்மேல் புதுவிதை தூவ, அக்டோபர் மழை பிடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். அது பிழை என்பதே எங்கள் துணிபு.

ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை; நீரே அரிது. ஆகவே பட்டத்தை மழை தீர்மானித்தது. இங்கோ அரியது மண்ணின் சூடு. செப்டம்பர் முற்பாதியில் கோடையின் வெம்மை மண்ணுக்குள் இன்னும் தங்கியிருக்கும். ரைகிராஸ் விதை ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். கென்டக்கி புளூகிராஸ் சோம்பேறி, 3 வாரம்கூட எடுக்கும். அக்டோபர் பாதி கடந்தால் பகல் சுருங்கும். மண் 10 டிகிரி செல்சியஸை நெருங்க நெருங்க முளைப்பு மந்தமாகும். வேர் பிடிக்குமுன் மழை விதையை அடித்துச் சென்று பள்ளத்தில் குவிக்கும். போதாததற்கு மேப்பிள் இலைகள் வேறு விழுந்து மூடும்.

மழை வரும்வரை குழாய்நீரைக் காலையும் மாலையும் மெல்லத் தெளித்தால் போதும். தண்ணீர்க் கட்டணத்தைக் காட்டி மறுக்கும் நண்பர்கள், மறுபடி விதை வாங்கும் செலவைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. செப்டம்பர் தவறிவிட்டதா? விதைப்பையை ஈரம்படாமல் கட்டிவைத்து ஏப்ரல் வரை பொறுப்பதே மேல்.