பொத்தானுக்குப் பின்னே ஒரு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. முதலாண்டு மாணவன் ஒருவன் தன் குழுவின் பெயரோடு ஒரு வால்மீனின் படத்தையும் சேர்த்து, கணிப்பொறியில் அழகான பெயர்ப்பட்டை ஒன்றைத் தயாரித்திருந்தான். திரையில் அது கண்ணைப் பறித்தது. நானும் பாராட்டினேன். மறுநாள் அதையே 4 அடி அகலப் பதாகையாக அச்சடித்து, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். முகம் வாடியிருந்தது. விரித்துப் பார்த்தோம். எழுத்துகளின் ஓரமெல்லாம் படிக்கட்டு! வால்மீனின் வால் செங்கல் அடுக்கியது போல் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஸார் இருந்துச்சு? கடைக்காரர்தான் கெடுத்துட்டார்" என்றான்.

கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் இருவரும் ஒரு வகுத்தல் கணக்கைப் போடத் தவறியிருந்தோம். அவன் செய்த படம் 500 புள்ளி அகலமும் 150 புள்ளி உயரமும் கொண்டது. 4 அடி என்பது ஏறத்தாழ 1220 மில்லிமீட்டர். அதை 500ஆல் வகுத்தால் 2.4 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடப் பெரிய சதுரமாக அச்சாகியிருந்தது. நல்ல புத்தகங்களில் படங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிடுவார்கள். அந்தக் கணக்கின்படி அவனுடைய படத்துக்குத் தகுந்த அகலம் ஒன்றே முக்கால் அங்குலம்கூட இல்லை! தூரத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்லை என்றாலும், அங்குலத்துக்குப் பத்துப் புள்ளி எப்படிப் போதும்?

அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. படத்தைத் திருத்தும் மென்பொருளை நம் மாணவர்கள் அவசியம் கற்க வேண்டும். ஆனால், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று மனப்பாடம் செய்வது கல்வியாகாது. பொத்தானுக்குப் பின்னே இருக்கும் கணக்கைக் கற்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

படம் என்பது என்ன? கணிப்பொறியைப் பொறுத்தவரை அது எண்கள் நிரம்பிய ஒரு கட்டத்தாள். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் பணிபுரிந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தைக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள அந்தச் சதுரப் படம், வரிசைக்கு 176 வீதம் 176 வரிசைகளாக, மொத்தம் 30,976 புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தப் புள்ளியைத்தான் இன்று 'பிக்ஸல்' என்கிறோம். உங்கள் வீட்டுக் கைபேசி எடுக்கும் படத்தில் இப்படிப்பட்ட புள்ளிகள் பல லட்சக்கணக்கில் இருக்கின்றன. அளவு பெருகியதே தவிர, அடிப்படைக் கருத்து மாறவில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. இடையில் உள்ளவை சாம்பல் நிறங்கள். வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு ஒன்றாக மூன்று எண்கள். ஏன் மூன்று? நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை என்பதால்தான். 1861இலேயே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மூன்று வண்ண வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி வண்ணப் படத்தைக் காட்டினார். மின்காந்த அலைக் கொள்கையைத் தந்த அதே மாக்ஸ்வெல்தான்! ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் என்றால், 256ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்.

இனி மென்பொருளின் பொத்தான்களைப் பார்ப்போம். 'வெளிச்சம் கூட்டு' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். எளிய முறையில், மென்பொருள் எல்லா எண்களோடும், வைத்துக்கொள்ளுங்கள், 50ஐக் கூட்டுகிறது. 100 இருந்த இடத்தில் 150 வரும். சரி, 220 இருந்த இடத்தில்? 270 வர வேண்டும். ஆனால் 255க்கு மேல் இடமில்லை, அங்கேயே நின்றுவிடும். 240 இருந்த புள்ளியும் 255தான் ஆகும். முன்பு வேறுபட்டிருந்த இரண்டு புள்ளிகள் இப்போது ஒன்றாகிவிட்டன. அந்தப் படத்தைச் சேமித்து மூடிவிட்டு, பிறகு 50ஐக் கழித்தால் பழைய படம் திரும்புமா? திரும்பாது. இரண்டுமே 205 ஆகும். கருகிய தோசையைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டால் மாவு திரும்பி வருமா?

'மங்கலாக்கு' என்ற பொத்தான் செய்வதும் கணக்கே. ஒரு புள்ளியின் மதிப்பு 180. சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளின் மதிப்பும் 90 என்று கொள்வோம். ஒன்பதையும் கூட்டினால் 900. ஒன்பதால் வகுத்தால் 100. நடுப்புள்ளிக்கு இனி 100தான் மதிப்பு. தனித்து நின்ற ஒளி அக்கம்பக்கத்தோடு கலந்துவிட்டது. பள்ளியில் படித்த சராசரிதான் இது!

அடுத்து, 'லேயர்' என்னும் அடுக்கு. கண்ணாடித் தாள்களில் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றது இது. வால்மீன் ஒரு தாளில், பெயர் ஒரு தாளில், பின்னணி வானம் ஒரு தாளில். பெயரை நகர்த்தினாலும் வானம் கெடாது. மேல்தாள் 60 சதவீதம் மறைப்பதாக வைத்தால், மேலே உள்ள எண்ணில் 0.6 பங்கும் கீழே உள்ள எண்ணில் 0.4 பங்கும் சேரும். மேலே 200, கீழே 100 என்றால் விடை 120 + 40 = 160. இந்தக் கலப்பு விதிகளை 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இன்று திரைப்படத்தில் பறக்கும் டிராகனும், உங்கள் பெயர்ப்பட்டையின் நிழலும் இதே கூட்டல் பெருக்கலில் உருவாகின்றன.

இதற்கெல்லாம் காசு செலவழிக்க வேண்டுமோ என்று கவலைப்படாதீர்கள். 'கிம்ப்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்ஸர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் அதை எழுதத் தொடங்கினார்கள். 1996இல் லாரி யூயிங் என்பவர் லினக்ஸின் சின்னமான பென்குயினை அதில்தான் வரைந்தார். மாணவர்கள் செய்த கருவி. மாணவர்களாகிய நீங்கள் அதைத் திறந்து பார்க்கத் தயங்குவானேன்?

பதாகை வீணான அந்த மாணவனுக்கு இவற்றையெல்லாம் நான் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். விரைவிலேயே கெட்டிக்காரனாகிவிட்டான். துறையின் சுவரொட்டிகளை எல்லாம் அவனே செய்தான். கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த ஆண்டு ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்கள் சோதனை. தட்டையான கண்ணாடித் தகட்டின்மேல் குவிவில்லை ஒன்றை வைத்து, மேலிருந்து சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியைச் செலுத்தினால் இருண்ட, ஒளிர்ந்த வளையங்கள் மாறி மாறித் தோன்றும். நடுப்புள்ளி இருண்டிருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நுண்ணோக்கி வழியாகக் கைபேசியில் அவன் எடுத்த படம் மிக நேர்த்தியாக இருந்தது. மற்ற மாணவர்களுக்கு அதையே காட்டி விளக்கலாம் என்று கணிப்பொறியில் திறந்தேன். புள்ளிகளின் எண்களைப் படிக்கும் கருவியை இருண்ட வளையத்தின்மேல் வைத்தேன். 11, 16, 13, 18 என்று எண்கள் ஏறி இறங்கின. இயற்கையில் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். உணர்கருவியின் சிறு சலனம் எங்கும் இருக்கும். நடுப்புள்ளிக்குப் போனேன். 0, 0, 0, 0. எங்கு வைத்தாலும் 0!

அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"புக்குல நடுவுல கறுப்பா இருக்கும்னு போட்டிருக்கு ஸார். எனக்கு வெளிச்சமா வந்துச்சு. மார்க் போயிடுமோன்னு பயந்து பெயிண்ட் பண்ணிட்டேன்."

நண்பர்களே, அவன் அழித்தது எதை என்று தெரியுமா? வில்லையும் தகடும் சரியாகத் தொட்டுக்கொண்டால்தான் நடுவில் இருள் வரும். இடையே ஒரு தூசி புகுந்து வில்லையைச் சற்றுத் தூக்கிவிட்டால் நடுப்புள்ளி ஒளிரவும் கூடும். சோடிய ஒளியின் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். இடைவெளி அதில் கால்பங்கின், அதாவது சுமார் 147 நானோமீட்டரின், ஒற்றைப்படை மடங்காக இருந்தால் நடுப்புள்ளி பளிச்சென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியின் செய்தியை ஒளி அவனுக்குச் சொல்லியிருக்கிறது. அவன் அதன் வாயைக் கறுப்பு மையால் அடைத்துவிட்டான்!

இன்னொரு வேடிக்கை: இந்தச் சோதனையில் இரு வளையங்களின் விட்டங்களை வர்க்கமாக்கி, அவற்றின் வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்கிறோம். தூசியால் வந்த இடைவெளி அந்தக் கழித்தலில் நீங்கிவிடும். ஆகவே அவன் விடை தவறியிருக்காது, மதிப்பெண்ணும் போயிருக்காது. பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. மறு வாரம் அவன் வில்லையைத் துடைத்துவிட்டு மீண்டும் படம் எடுத்தான். பழைய மூலப்படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'தூசியுடன்', 'தூசியின்றி' என்று கீழே எழுதினான். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆய்வேடு அதுதான்.

குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. தூரிகையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். எங்கே அதைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்கு மறைக்கத் தெரிந்தது கருவியைக் கற்றதால். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்தது கணக்கைக் கற்றதால். இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படியானால் படத்தைத் தொடவே கூடாதா என்று கேட்கலாம். அப்படியில்லை. 2019இல் வெளியான கருந்துளையின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிற வளையம். உண்மையில் அது சுமார் 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளால் பதிவானது. ரேடியோ அலைக்கு நிறமேது? ஆரஞ்சு என்பது விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நிறம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. சொல்லிச் செய்தால் விளக்கம். சொல்லாமல் செய்தால் ஏமாற்று. ஓர் ஆராய்ச்சி இதழ் 2002இலேயே தனக்கு வரும் கட்டுரைகளின் படங்களில் கைவேலை உண்டா என்று சோதிக்கத் தொடங்கிவிட்டது. உயிரணுவியலுக்கான இதழ் அது. படம் முழுவதற்கும் ஒரேபோல வெளிச்சத்தைக் கூட்டலாம். ஒரு கோட்டை மட்டும் அழிப்பதோ, இல்லாததைச் சேர்ப்பதோ கூடாது என்பதே அங்கு விதி.

"இதெல்லாம் எதற்கு? ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து தருகிறதே!" என்று சிலர் கேட்கிறார்கள். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு படிக்கிறோம் அல்லவா? விடை தவறாக வந்தால் தெரிந்துகொள்ளத்தான். எந்தப் படமும் நொடியில் உருவாகும் இக்காலத்தில், படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவரே சந்தேகப்பட வேண்டிய இடத்தைச் சரியாகச் சந்தேகிப்பார். முழுத் திறனும் வந்துவிடும் என்று சொல்லவில்லை; ஆனால் கேள்வி கேட்கும் பழக்கமாவது வரும்.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வகுப்பு நேரத்தைக் கட்டத்தாளுக்கு ஒதுக்குங்கள். 16க்கு 16 கட்டம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எண் எழுதி, கைக்கணக்காலேயே வெளிச்சம் கூட்டவும் மங்கலாக்கவும் சொல்லுங்கள். பிறகு கணிப்பொறிக்குப் போகட்டும். மாணவர்களாகிய உங்களுக்கு மூன்று விதிகள்: மூலப்படத்தின்மேல் ஒருபோதும் கை வைக்காதீர்கள், அதன் நகலில் வேலை செய்யுங்கள். அச்சிடும் முன் அகலத்தைப் புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். சோதனைப் படத்தில் எதை மாற்றினாலும் அதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் பெயர்ப்பட்டையில் எத்தனை வால்மீன் வேண்டுமானாலும் பறக்கட்டும். அது உங்கள் கற்பனை. ஆய்வேட்டில் மட்டும் தூசி தூசியாகவே இருக்கட்டும்.