சலுகை வாங்கியாச்சு, வசூல் யாரு?

டிஸ்கி: இது கம்ப்யூட்டர் கேம் சமாச்சாரம் இல்லை. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து பேப்பர், பென்சில், பகடையோடு ஆடுகிற சூப்பர்ஹீரோ ஆட்டம். நாக்பூருக்கு மாற்றலாகி வந்த இடத்தில் தொற்றிக்கொண்ட வியாதி. "நாப்பத்தஞ்சு வயசுல பறக்குற மனுஷன் வேஷமா?" என்று வீட்டம்மா கேட்டு ஓய்ந்துவிட்டார்.

நாங்கள் ஆடுவது சாம்பியன்ஸ். 1981-ல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் போட்ட ஆட்டம். ஆளுக்கு இத்தனை பாயிண்ட் என்று கையில் கொடுத்துவிடுவார்கள், அதை வைத்துச் சக்திகளை வாங்கிக்கொள்ள வேண்டும். 12 பகடை வலுவுள்ள தாக்குதல் வேண்டுமென்றால் பகடைக்கு 5 வீதம் 60 பாயிண்ட். ஆனால் சக்திக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டால் விலை குறையும். எதிரி கண்ணில் படுகிற, பிடுங்கிக்கொள்ளக்கூடிய துப்பாக்கி வழியாகத்தான் சுட முடியும் என்றால் 1. ஒரு நாளைக்கு எட்டுத் தடவைதான் என்றால் அரை. இரண்டும் சேர்ந்து ஒன்றரை, அதோடு ஒன்றைக் கூட்டி 60-ஐ இரண்டரையால் வகுத்தால் 24. பி.காம். படித்தவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்?

இந்த 36 பாயிண்ட் தள்ளுபடி இனாம் இல்லை சாமி, கடன். என்றைக்காவது துப்பாக்கி கைநழுவும், குண்டு தீரும், அன்றைக்குக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு. வசூல் அதிகாரி ஆட்டத்தை நடத்துகிற ஜிஎம். பாதிக்காத கட்டுப்பாட்டுக்குத் தள்ளுபடி கிடையாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. ஆனால் நம்ம ஜிஎம்கள் சாங்ஷனோடு ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

எங்கள் மேசையில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பையன் மேலே சொன்ன துப்பாக்கியை 24-க்கு வாங்கினான். காலேஜ் படிக்கும் ஒரு பெண் அதே 12 பகடையைக் கையிலிருந்தே பாயும் மின்னலாக முழுசாக 60 கொடுத்து வாங்கினாள். பிடுங்க முடியாது, தீராது. அதற்குத்தான் அந்த விலை. பையன் மிச்சம் பிடித்த 36-ல் பறக்கவும் கற்றுக்கொண்டான், கவசமும் போட்டுக்கொண்டான். எட்டு ஞாயிறு ஆடினோம். ஒரு வில்லன்கூட அந்தத் துப்பாக்கி மேல் கை வைக்கவில்லை. குண்டும் தீரவில்லை. 12 விநாடிச் சுற்றில் அவனுக்கு ஐந்து வாய்ப்பு, எட்டு குண்டு ஒன்றரைச் சுற்றுக்கு வரும், எங்கள் சண்டை அதற்குள் முடிந்துவிடும். இதில் கூத்து என்னவென்றால், குண்டுக் கணக்கில் வாங்கிய சக்திக்குச் சுடும்போது தெம்பும் செலவாகாது. அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு மின்னலுக்கும் தெம்பு கரையும்.

ஜிஎம்மிடம் கேட்டேன். "பாவம் சார், துப்பாக்கியைப் பிடுங்கினா அவனுக்கு விளையாட்டே போயிடும்" என்றான். யாருக்குப் பாவம்? 2008-ல் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தபோது நான் கிராமக் கிளையில் கவுண்டரில் இருந்தேன். தள்ளுபடி சரியா தப்பா என்பது வேறு பஞ்சாயத்து. ஆனால் நகையை அடகு வைத்து, தவணை தப்பாமல் கட்டியிருந்த ஒரு பெரியவர் வந்து "அப்ப எனக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒன்பதாவது ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. ஃபோனில் கேட்டாள், "அங்கிள், முழு விலை கொடுத்தது என் தப்பா?"

மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் ஆடுகிறவர்கள் உடனே வருவார்கள், எங்களிடம் இந்த வம்பே இல்லை என்று. 2011-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் சிக்கல் வந்து கடிக்கும்போதுதான் ஹீரோ பாயிண்ட் கிடைக்கும், கடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் கழற்றிப் பிடுங்கக்கூடிய கருவி என்றால் ஐந்து பாயிண்டுக்கு ஒன்றோ இரண்டோ முன்கூட்டியே கழிக்கிறார்களே, அதை யார் வசூல் பண்ணுவது?

வங்கியில் 90 நாள் தவணை வராவிட்டால் அது வாராக்கடன். அதே மாதிரி எங்கள் மேசைக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தேன்: மூன்று ஆட்டத்தில் ஒரு தடவையாவது கடிக்காத கட்டுப்பாட்டுக்குத் தள்ளுபடி ரத்து, பாயிண்டைத் திருப்பி வை. முதல் பலி நான்தான் :-) என் நெருப்புச் சக்தி தண்ணீருக்கடியில் வேலை செய்யாது என்று கால் தள்ளுபடி வாங்கியிருந்தேன். கதை நடக்கும் ஊரில் ஒரு குளம்கூடக் கிடையாது.

அடுத்த ஞாயிறு வில்லன் துப்பாக்கியைத் தட்டிச் சாக்கடையில் விட்டான். பையன் அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். அப்புறம் வெறுங்கையோடு குதித்து இரண்டு அடியாட்களைப் புரட்டிவிட்டு அதை மீட்டான். மேசையே எழுந்து நின்று கத்தியது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

ராத்திரியே அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "பரீட்சை முடியட்டும் அங்கிள், பார்க்கலாம்" என்றாள்.