நின்றுபோன மொறிஸ் மைனர்

இலங்கையில் பழைய வாகனம் வைத்திருப்பது செல்வந்தரின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. பலருக்கு அது வேறு வழியில்லாத நிலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 தொடக்கத்தில். வரிச் சுமையால் புதிய கார் இன்னும் பெரும்பாலானோருக்கு எட்டாக்கனியே. ஆகவே கொட்டகையில் கிடந்த பாட்டன் காலத்து வண்டிகள் தூசி தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. வந்தவை ஓடின; ஓடியவை நின்றன. நின்றதும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வாகனம் நின்றால் பாகத்தை மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். தேடத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நாம்தான் தேடுவதில்லை.

நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் தயாரான கார் அது. நம் நாட்டுடன் அதற்கு உள்ள உறவும் சாமானியமானதன்று. பிரித்தானியாவில் ஓடும் மைனர்களுக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு அங்கு அனுப்பப்பட்ட காலமும் உண்டு.

நண்பரின் கார் கொழும்பில் ஒழுங்காக ஓடும். அவிசாவளையைத் தாண்டி, இரத்தினபுரி வீதியில் எஹலியகொடவை நெருங்கும்போது இருமத் தொடங்கும். நகருக்கு அப்பாலுள்ள றப்பர் தோட்டத்து ஏற்றத்தில் நின்றுவிடும். அரைமணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடவாததுபோல் புறப்படும். கொழும்பில் ஒரு கராஜில் பற்றறியை மாற்றினார்கள். அடுத்த முறை கொயில், அதற்கடுத்த முறை பிளக்குகள், பின்னர் பெற்றோல் பம்ப். ஓய்வூதியம் கரைந்தது; ஏற்றத்தில் கார் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் நானும் உடனிருந்தேன். வழக்கமான இடத்தில் கார் நின்றது. அருகிலிருந்த லயத்திலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்தார். தோட்ட லொறியின் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். நண்பர் பொன்னட்டைத் திறக்கப் போனார். “கை வைக்காதீங்க சேர், மொதல்ல காதைக் குடுங்க” என்றார் பெரியவர். சாவியைத் திருப்பச் சொன்னார். மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் சில தடவை ‘டிக் டிக்’ என்று ஒலித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கவேண்டும். அன்று ஒரு சத்தமும் இல்லை. பெரியவர் பின்புறம் சென்று பெற்றோல் தொட்டியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போயிற்று. அக்கணமே பம்ப் படபடவென அடிக்கத் தொடங்கியது. கார் புறப்பட்டது.

விடயம் இவ்வளவுதான். தொட்டியில் பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கென மூடியில் ஒரு சிறு துளை உண்டு. மெருகு மெழுகும் தூசியும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க முடியாமல் தோற்றது. காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். கார் மீண்டும் புறப்படும். ஓர் ஊசியால் துளை சுத்தமாயிற்று. செலவு எதுவுமில்லை.

கராஜ்காரர்கள் கெட்டிக்காரர்கள் அல்லர் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த வேளையில் கார் நோயுடன் இருக்கவில்லை என்பதே உண்மை. பழைய வாகனத்தின் பல கோளாறுகள் சூட்டில் தோன்றிச் சூடு தணிந்ததும் மறைபவை. தீப்பொறிக்குத் துணைநிற்கும் கொண்டென்சரும் கொயிலும் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறும். ஆகவே வண்டி நின்ற கணத்திலேயே, நின்ற இடத்திலேயே சோதிக்கவேண்டும். பத்திரிகைத் தொழிலிலும் இதே விதிதான். சம்பவ இடத்துக்கு மறுநாள் போகிறவனுக்குக் கிடைப்பது செய்தியன்று, வதந்தி.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பற்றறியின் முனைகள் இறுக்கமாகவும் சுத்தமாகவும் உள்ளனவா? மைனரில் நேர்முனையே காரின் உடலுடன் இணைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்; இன்றைய கார்களில் எதிர்முனை. அடுத்து தீப்பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மாட்டி, இயந்திரத்தின் உலோகத்தில் படவைத்துச் சுழற்றினால் நீலப்பொறி தெரியவேண்டும். பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருக்கக்கூடாது. பொறி இல்லையெனில் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தில் அதனுள் ஈரம் படிவது வழமை. உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உள்ளிருக்கும் பொயின்றின் இடைவெளி மைனருக்கு ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர்.

பொறி இருந்தால் பெற்றோலைப் பாருங்கள். பம்ப் ஓயாமல் வேகமாக அடித்தால் தொட்டி வெறுமையாக இருக்கலாம், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மௌனமாக இருந்தால் அடைப்போ, மின்தொடர்பில் கோளாறோ இருக்கலாம். 2022இல் எரிபொருள் இன்றி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த வண்டிகள் பலவற்றுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லவேண்டும். தேங்கிய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்தது. தொட்டிகளில் துரு படிந்தது. அவற்றுக்குத் தேவைப்பட்டது சுத்தம் செய்தல், புதிய இயந்திரமன்று.

இறுதி விதி: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒரேயடியாக மாற்றினால், வண்டி ஓடினாலும் நோய் எதுவென்று தெரியாது. கழற்றிய பழையதை வீசியும் விடாதீர்கள். இன்று கடையில் விற்கும் புதிய கொண்டென்சரைவிட நாற்பது ஆண்டு உழைத்த பழையது நம்பகமாக இருப்பதுண்டு.

அந்த முதியவருக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1912இல் இரத்தினபுரி வரை நீண்ட களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை எஹலியகொட வழியாகவே சென்றது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் அது மூடப்பட்டது. தோட்டத்துக்கு எஞ்சியது வீதியும் தோட்டத்தின் லொறியும்தான். றப்பரும் கொழுந்தும் ஏற்றிய அதே லொறியில்தான் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணும் பாம்பு தீண்டிய தொழிலாளியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடுவழியில் வண்டி நின்றால் சாரதியின் முன்னே இருந்தது ஓர் உயிர். அங்கே ஊகத்துக்கு இடமில்லை. உதிரிப்பாகக் கடையும் இல்லை. காதும் மூக்கும் விரல்நுனியுமே அவனுடைய கருவிகள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. முதலாளிகள் மாறினார்கள், லொறியின் அடியில் படுத்தவன் மாறவில்லை.

அவனிடம் சான்றிதழ் இல்லை. படிக்காவிட்டாலும் அனுபவத்தால் பெற்ற திறனை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்த நாட்டில் உண்டு. அந்த மதிப்பீடு தோட்டத்து வாசல்வரை, தமிழில் வரவேண்டும் என்பதே என் கோரிக்கை. தோட்டத் தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடுகின்றன, போராடத்தான் வேண்டும். கூடவே இதையும் கேட்கலாம். மலையகத்து இளைஞன் கொழும்புக் கராஜில் கையாளாகச் சேர்வதற்கும் தகைமையுள்ள தொழில்நுட்பவியலாளனாகச் சேர்வதற்கும் ஒரு வாழ்நாள் அளவு வித்தியாசம் உண்டு.

புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, லொறி ஓட்டிய பெரியவர் ஒருவருடன் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். எந்தக் கைநூலும் தோட்டத்துப் பாதையையும் இரத்தினபுரி மழையையும் நினைத்து எழுதப்பட்டதன்று. அந்த நூல் அவர்களின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அதற்கு மறுபதிப்பும் இல்லை.